ஆண்டுக்கு 25 நூல்கள்!

(கஹவத்தையில் தோட்டத்து மாணவரும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்மைப் போன்றோரின் பெயரை நோட்டீசில் கண்டால் சம்பளம் பற்றிப் பேசுவார்கள், காணி பற்றிப் பேசுவார்கள், லயத்தின் ஒழுகும் கூரையைப் பற்றிப் பேசுவார்கள் என்றே நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். அவற்றைப் பேச வேண்டிய மேடைகள் உண்டு; பேசியும் வருகிறோம். இன்று நாம் பேச வந்திருப்பது புத்தகத்தைப் பற்றி.

கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு, பால் வெட்டிய கையைக் கழுவிக்கொண்டு இங்கு வந்து அமர்ந்திருக்கும் பெற்றோரே, "புத்தகம் சோறு போடுமா?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயம். அதற்கு விடை சொல்லவே வந்தோம். சோற்றைப் பறித்தது எது, உரிமையைப் பறித்தது எது என்று வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் அங்கே ஒரு கடதாசி கிடக்கிறது. அதை வாசிக்க முடியாமல் நின்ற ஒரு மக்கள் கூட்டமும் நிற்கிறது.

கடதாசியால் கட்டுண்ட கதை

கோப்பித் தோட்டக் காலத்திலும் அதன்பின் தேயிலை, இறப்பர்க் காலத்திலும் 'துண்டு' என்றொரு கடதாசி இருந்தது. தொழிலாளி ஒருவன் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டம் போக வேண்டுமானால் அந்தத் துண்டு வேண்டும். அவன் பெயரில் எழுதப்பட்ட கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் ஆளை விடுவோம் என்பது அதன் பொருள். கடனை எழுதியவர் ஒருவர். கணக்கைக் கூட்டியவர் ஒருவர். கைநாட்டு வைத்தவனோ நம் பாட்டன். எழுதியது சரியா என்று பார்க்க அவனுக்குக் கண் இருந்தது, எழுத்து இல்லை. 1921-ஆம் ஆண்டில் சட்டம் அத்துண்டு முறையை ஒழித்தது.

துண்டு போயிற்று, கடதாசி போகவில்லை. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தந்தை இந்நாட்டிற் பிறந்தவர் என்று காட்டு, அல்லது பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்தனர் என்று காட்டு என்றது அது. லயத்திற் பிறந்து லயத்தில் இறந்தவர்களின் பிறப்புச் சான்றிதழை யார் வைத்திருந்தார்? அடுத்து 1949-ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1-ஆம் திகதிக்கு முன், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாது இங்கு வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும்; ஈராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள், ஏறத்தாழ 825,000 பேருக்காகப் போயின. இறுதியிற் பதிவு பெற்றவர் ஏறத்தாழ 134,000 பேரே! எஞ்சியவர் நாடற்றவராயினர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், அடுத்த தேர்தலில் வாக்குச் சாவடியின் வாயிலைக்கூட மிதிக்க முடியாமல் நின்றனர்.

நாம் சட்டம் கற்றவர்கள். சட்டத்தின் தலைப்பு பெரிய எழுத்தில் இருக்கும். சட்டத்தின் பல், 'ஆயின்' என்று தொடங்கும் உட்பிரிவில் இருக்கும். தலைப்பை மட்டும் வாசிப்பவனை அந்தப் பல் கடித்துவிடும். உட்பிரிவு வரை வாசிப்பவனே எதிர்த்து வழக்காட முடியும்.

வாசித்தவன் கேட்ட கேள்வி

அப்படிக் கேள்வி கேட்டவர் நம் சபரகமுவ மண்ணிலேயே இருந்தார் என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும். கேகாலைப் பக்கத்து ருவன்வெலத் தொகுதியின் வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்கக் கோரினார் கோடாகன் பிள்ளை. "ஓர் இனத்துக்கு மட்டும் தீங்கு செய்யும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்று அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவு சொல்கிறதே, இந்தச் சட்டம் எப்படிச் செல்லும்?" என்பதே வழக்கின் உயிர்நாடி. இடாப்பைத் திருத்தும் அதிகாரி முன் அந்த வாதம் வென்றது. 1951-இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றது. 1953-இல் இலண்டன் பிரிவிக் கவுன்சிலிலும் தோற்றது.

தோற்ற வழக்கை ஏன் சொல்கிறோம்? தோற்றாலும் அந்தக் கேள்வி ஏட்டில் ஏறிவிட்டது. இன்றும் சட்ட மாணவர் அதைப் படிக்கிறார்கள்; இன்றும் அந்தத் தீர்ப்பு சரியா என்று வாதிடுகிறார்கள். கைநாட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்திருந்தால் அநீதி நடந்ததற்கு அடையாளமே இருந்திராது. அதன்பின் 1964 ஒக்டோபர் 30-இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 525,000 பேரை அங்கே அனுப்புவது, 300,000 பேருக்கு இங்கே உரிமை தருவது என்று மனிதரைப் பங்கு பிரித்தார்கள். எஞ்சிய 150,000 பேரைப் பத்தாண்டு கழித்து ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்தார்கள். பிரிக்கப்பட்டவரை யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. கடைசியில் 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம் நாடற்ற நிலைக்கு முடிவு கட்டிற்று. 1948-இலிருந்து 2003 வரை 55 ஆண்டுகள்!

தோழர்களே, இதையெல்லாம் சொல்வது அழுவதற்காக அன்று. இந்தக் கதையை உங்கள் பாடநூல் முழுமையாகச் சொல்லவில்லை. விரிவுரை மண்டபமும் சொல்லப் போவதில்லை. பொறியியல் படிக்கப் போகிறவரும், முகாமைத்துவம் படிக்கப் போகிறவரும், விவசாயம் படிக்கப் போகிறவரும் இதைத் தாமாகத் தேடி வாசித்தால்தான் உண்டு. அதற்காகவே ஒரு சபதத்தை உங்கள் முன் வைக்கிறோம்.

சபதம் என்ன?

பல்கலைக்கழகம் புகும் நாள் முதல், பட்டம் பெறும் நாள் வரை, பாடத்திட்டத்துக்கு வெளியே, ஆண்டுக்கு 25 நூல்கள் வாசிப்பேன் என்பதே அச்சபதம்.

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. உலகெங்கும் நடப்பதே. துபாய் ஆட்சியாளர் 2015-இல் தொடங்கிய அரபு வாசிப்புப் போட்டியில், அரபு நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் ஓராண்டில் 50 நூல்கள் வாசிக்க முனைகிறார்கள். கடல் கடந்த தமிழகத்தில் எழுத்தாளர் சுனில் கிருஷ்ணன் வேறொரு வழி காட்டினார்: நூல்களை எண்ணாமல் நேரத்தை எண்ணுவது, ஓராண்டில் 1,000 மணி நேரம் வாசிப்பது! கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 மணி 44 நிமிடம். வேலைக்குப் போகிறவரும், வீட்டைப் பார்க்கிறவரும் அந்தப் போட்டியில் இறங்கினார்கள்.

நாம் உங்களிடம் அவ்வளவு கேட்கவில்லை. நாளுக்கு அரை மணி நேரம் கேட்கிறோம். ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்று வையுங்கள். அரை மணியில் 15 பக்கம். ஆண்டுக்கு 5,475 பக்கம். நூலொன்று 200 பக்கம் என்றால் 25 நூலுக்கு 5,000 பக்கமே ஆகிறது. மீதமுள்ள பக்கங்களுக்குரிய நாட்கள் ஏறத்தாழ ஒரு மாதம். அதைப் பரீட்சைக்கு விட்டுக்கொடுங்கள். நான்காண்டுப் பட்டம் முடியும்போது 100 நூல்கள் கற்ற ஒருவர் கஹவத்தைக்குத் திரும்பி வருவார். அப்படிப் பத்துப் பேர் வந்தால், ஆயிரம் நூல்கள் இந்த மலைச்சரிவில் நடமாடும்!

"குறிப்பு இருக்கப் புத்தகம் எதற்கு?"

இப்படி ஒரு வாதம் பல்கலைக்கழக விடுதிகளில் உலவுகிறது. மூத்த மாணவர் தந்த குறிப்பு; கடந்த ஆண்டு வினாத்தாள்; பரீட்சைக்கு முந்திய இரவில் மனனம்; பட்டம். இந்த வழியிற் பட்டம் வரும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டதாரியிடம் ஒரு வர்த்தமானி அறிவித்தலைக் கொடுத்து, "இதில் எங்கள் அம்மாவின் நாட்சம்பளம் என்ன ஆகிறது?" என்று கேளுங்கள். யாரும் குறிப்பு எழுதித் தராத கடதாசியைக் கண்டால் அவர் கை நடுங்கும். ஆயிரம் ரூபா நாட்சம்பளம் ஆண்டுக்கணக்கான போராட்டத்துக்குப் பின் 2021-இல் சம்பள நிர்ணயச் சபை வழியாக வந்தபோது, கம்பனிகள் உடனே நீதிமன்றம் போயின. கம்பனியின் பக்கம் வாசிப்பதற்கென்றே சம்பளம் பெறுவோர் இருந்தனர். நம் பக்கம் வாசிப்பவர் யார் என்பதே கேள்வி. அந்த இடத்தில் நிற்க வேண்டியவர்கள் நீங்கள்.

"பரீட்சை கெட்டுவிடும்" என்பது இரண்டாவது வாதம். அரை மணி வாசிப்பாற் கெட்ட பரீட்சையை நாம் கண்டதில்லை. கைத்தொலைபேசித் திரையில் விரல் தள்ளிய மூன்று மணியாற் கெட்ட பரீட்சைகளை நிறையக் கண்டிருக்கிறோம். மேலும், நமது பிள்ளைகள் பலருக்குப் பல்கலைக்கழகத்தில் முதற்பகை ஆங்கிலம். உயர்தரம் வரை தமிழிற் படித்தவர், முதல் விரிவுரையில் ஆங்கிலத்தைக் கேட்டுத் திகைத்து நிற்கிறார். அந்தத் திகைப்பை இலக்கண வகுப்பு மட்டும் தீர்க்காது. எளிய ஆங்கில நூலொன்றை அகராதியோடு முட்டி மோதி முடிப்பதே தீர்க்கும். ஆகவே சபதம் பரீட்சைக்குப் பகையன்று, துணை.

"காசு எங்கே?" என்பது மூன்றாவது. இதுவே உண்மையான வாதம். புத்தக விலை ஒரு நாட்சம்பளத்தை விழுங்குகிறது. ஆனால் பல்கலைக்கழகம் புகுந்தவருக்கு ஒரு செல்வம் இலவசமாகக் கிடைக்கிறது. பெலிஹுல்லோயாவிலும் பேராதனையிலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நூலகங்கள் இருக்கின்றன. உங்கள் மாணவர் அட்டையே அவற்றின் சாவி. ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் மின்வடிவில் திரட்டிவரும் 'நூலகம்' தளத்தில் ஓரிலக்கத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் காசில்லாமற் கிடைக்கின்றன. பழந்தமிழ் நூல்களை 1998 முதல் மதுரைத் திட்டம் அவ்வாறே தருகிறது. கெடுக்கும் கைத்தொலைபேசியே இங்கே கொடுக்கும் கருவியாகிறது. பிடிக்கும் கை எது என்பதைப் பொறுத்தது.

எவற்றைப் படிப்பது?

எண்ணிக்கை மோகம் ஒரு நோய். 25 என்று சொன்னவுடன், மெலிந்த நூல்களாகத் தேடிப் பிடித்து, மார்கழியில் முடித்துவிட்டேன் என்று மார்தட்டுவோரும் உண்டு. அதனாற் பங்கு பிரித்துச் சொல்கிறோம்.

எட்டு நூல்கள் நம் மக்களைப் பற்றியனவாக இருக்கட்டும். அட்டனிலிருந்து தொழிற்சங்கமும் பத்திரிகையும் நடத்திய கோ. நடேசய்யரைப் பற்றிச் சாரல்நாடன் எழுதியதை வாசியுங்கள். அச்சிட்ட தாள் எப்படித் துரைமாரை உறங்கவிடாமற் செய்தது என்பது விளங்கும். மடக்கும்புரையிற் பிறந்து, 1947-இல் பாராளுமன்றம் போன சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டித் தந்தார், அவரைப் படியுங்கள். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை', தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' ஆகிய நாவல்களைப் படியுங்கள். நம் லயமும் பெரட்டுக்களமும் இலக்கியத்துக்கு உரிய இடங்களே என்று அவர்கள் நிறுவியிருக்கிறார்கள். ஆனால் அவர்களிற் பெரும்பாலோர் எழுதியது மத்திய மலைநாட்டை. தேயிலையும் இறப்பரும் கலந்து, சிங்களக் கிராமங்களுக்கிடையே தீவுகளாய்ச் சிதறிக் கிடக்கும் நம் சபரகமுவத் தோட்டங்களின் கதை இன்னும் நிறைய எழுதப்பட வேண்டும். வாசிப்பவரே நாளை எழுதுவார்.

ஆறு நூல்கள், சங்கம் முதல் இன்று வரையுள்ள தமிழ் இலக்கியத்திலிருந்து வரட்டும். நான்கு நூல்கள் சட்டம், அரசியலமைப்பு, பொருளாதாரம் பற்றியனவாக இருக்கட்டும்; சட்ட பீடத்துக்கு வெளியே இருப்போர்க்கே இதை வற்புறுத்துகிறோம். மூன்று நூல்கள் ஆங்கிலத்தில்.

மிகுதி நான்கு, சிங்களத்தில், அல்லது சிங்களத்திலிருந்து தமிழுக்கு வந்தவையாக இருக்கட்டும். முகத்தைச் சுளிப்பவர்களுக்குச் சொல்கிறோம். 1981 மே 31 இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இந்த இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களிலும் வன்செயல் மூண்டது. வடக்கே நூல் எரிந்தது. இங்கே லயம் எரிந்தது. அந்தக் காயத்தை மறந்துவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வேலிக்கு அப்பால் வாழ்பவனின் மனத்தில் என்ன இருக்கிறது என்று அறியாதவன், அவனுக்கு அஞ்சியே வாழ வேண்டும். அறிந்தவன் அவனோடு பேச முடியும். 1944-இல் வெளிவந்த மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய' நாவலை வாசித்துப் பாருங்கள். காலம் மாற, தென்னிலங்கைக் கிராமத்து வளவுக் குடும்பம் ஒன்று சரிந்துபோவதைக் காண்பீர்கள். துயரம் ஒரு சாராரின் தனிச்சொத்தன்று என்பது தெரியும்.

எட்டும் ஆறும் நான்கும் மூன்றும் நான்கும் 25. கணக்குச் சரி. இனி ஒரு நிபந்தனை: வாசித்த ஒவ்வொரு நூலைப் பற்றியும் ஒரு பயிற்சிக் கொப்பியில் அரைப் பக்கமாவது எழுத வேண்டும், விடுமுறைக்குத் தோட்டம் வரும்போது, அந்த நூலை வாசிக்காத ஒருவருக்காவது அதன் பொருளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நம் முன்னோர் அப்படித்தானே படித்தார்கள்? எழுத்தறிந்த ஒருவர் திண்ணையில் அமர்ந்து பெரிய எழுத்துக் கதைப் புத்தகத்தை இராகத்தோடு வாசிக்க, லயமே கூடியிருந்து கேட்டதே! ஒருவர் கண்ணால் ஐம்பது பேர் படித்த காலம் அது. இன்று ஐம்பது பேருக்கும் கண் இருக்கிறது; ஒருவரும் வாசிக்கவில்லை என்ற பழி வர விடலாமா?

பெற்றோருக்கு ஒரு சொல்

தாய்மார்களே, தந்தைமார்களே! பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையிற் படிப்பது எளிதன்று என்பதை நாம் அறிவோம். உங்களிடம் கேட்பது ஒன்றே. மகன் புத்தகத்தோடு அமர்ந்தால், "படிக்கிறான், தொந்தரவு செய்யாதே" என்கிறீர்கள். மகள் புத்தகத்தோடு அமர்ந்தால், "தண்ணீர் எடுத்தாயா, பாத்திரம் கழுவினாயா?" என்கிறீர்கள். விடுமுறைக்கு வீடு வந்த பல்கலைக்கழக மாணவிக்கு அரை மணி நேரம் இல்லை. அவள் தம்பிக்கு மாலை முழுவதும் இருக்கிறது. இது நீதியா? நாள் முழுவதும் மலையேறிக் கொழுந்தெடுத்து இந்நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித் தந்தவர்கள் பெண்கள். அவர்களின் மகளுக்கு அரை மணி நேரத்தை மறுக்கும் உரிமை எவருக்கும் இல்லை. தண்ணீர்க் குடத்தைத் தம்பி தூக்கட்டும்!

ஆட்சியிடம் கேட்பது

மாணவர் மட்டும் சபதம் எடுத்தாற் போதாது. இலவசக் கல்வி 1945-இல் வந்ததென்று நாடு கொண்டாடுகிறது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதோ 1970-களில்! அந்தப் பின்தங்கலின் வட்டியை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம். உயர்தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் தமிழிற் கற்பதற்காக இம்மாவட்டத்தை விட்டு வேறு மாவட்டம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சீர்காழியிற் பிறந்து உலக நூலகவியலுக்கு இலக்கணம் வகுத்த எஸ். ஆர். இரங்கநாதன், 1931-ஆம் ஆண்டில் ஐந்து விதிகளைத் தந்தார். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அதே 1931-இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியிற் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். மாட்டு வண்டிக்கு முடிந்தது, இன்றைய மோட்டார் வண்டிக்கு முடியாதா? பிரதேச சபை நூலகங்களில் தமிழ் நூல்களுக்கு உரிய பங்கு வேண்டும். தோட்டங்களுக்கு மாதம் இருமுறையேனும் நடமாடும் நூலகம் வர வேண்டும். இது பிச்சையன்று, வரி கட்டும் குடிமக்களின் கோரிக்கை. நம்மைப் போன்ற அரசியல் தொண்டர்களுக்கும் ஒரு கடமை உண்டு. மேடைக்கு மாலை வேண்டாம்; மாலைக்குச் செலவிடும் காசுக்கு ஒரு நூல் வாங்கித் தோட்டத்து வாசிகசாலையில் வையுங்கள்.

மாணவச் செல்வங்களே! அண்ணல் அம்பேத்கர் 1913-இல் கொலம்பியாப் பல்கலைக்கழகம் போனபோது, தம் மக்களிடமிருந்து அந்த உயரத்துக்குப் போனவர் மிக அரியவர். அவர் அங்கே கற்றது பட்டத்துக்காக மட்டும் அன்று. திரும்பி வந்து எழுத வேண்டியதை எழுதுவதற்காக. பின்னாளில் ஒரு நாட்டின் அரசியலமைப்பையே வரையும் குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். கைநாட்டு வைக்கவும் மறுக்கப்பட்ட மக்களிடமிருந்து சட்டத்தையே எழுதும் கை எழுந்தது.

உங்களில் எத்தனை பேர் அந்த உயரம் போவீர்கள் என்று நாம் சோதிடம் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வோம். நாளை இத்தோட்டங்களுக்குக் காணி உறுதி வரும், வீட்டு ஒப்பந்தம் வரும், புதிய சம்பள முறை வரும், இன்னும் எத்தனையோ கடதாசிகள் வரும். அவை வரும் நாளில், "இதில் என்ன எழுதியிருக்கிறது, தம்பி? என்ன எழுதியிருக்கிறது, தங்கச்சி?" என்று ஒரு முதியவர் உங்களிடம் நீட்டுவார். அப்போது நீங்கள் தலைப்பை மட்டும் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. கடைசிப் பக்கத்துக் கடைசி உட்பிரிவு வரை வாசித்து, "இந்த இடத்திற் கையெழுத்துப் போடாதீர்கள், ஐயா" என்று சொல்ல வேண்டும்.

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும் ஆற்றலுக்காகவே ஆண்டுக்கு 25 நூல்கள். இன்றிரவே முதல் 15 பக்கத்தைத் தொடங்குங்கள்.